கிழக்கே போனால் சேறு

பெட்டி கிடைத்த பிறகுதான் சிக்கல் தொடங்கியது. குறிப்பின்படி, பெட்டி இருக்கும் இடத்தில் நின்று பார்த்தால் ஹாக்ஸ்டன் குன்று நாற்பது டிகிரியில், அதாவது வடகிழக்கில், தெரிய வேண்டும். என் மூத்த மகள் கெசையா திசைகாட்டியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக் குன்றைப் பார்த்து நின்று, இருநூற்று இருபது என்றாள். பைன் தோப்பின் மூலை முந்நூற்றுப் பத்தில் இருக்க வேண்டும். அதற்கு நூற்று முப்பது என்றாள். நான் வாங்கி அளந்தேன். எனக்கும் அதே எண்கள்தான் வந்தன.

இரண்டிலும் வித்தியாசம் சரியாக அரை வட்டம். கை நடுங்கியோ கண் பிசகியோ வரும் பிழை இப்படி ஒழுங்காக இருக்காது. அதனால் இது குறிப்பு எழுதியவரின் பிழை என்று முடிவு செய்தேன். பெட்டியிலிருந்து குன்றைப் பார்ப்பதற்குப் பதிலாக, குன்றிலிருந்து பெட்டியைப் பார்த்து அளந்திருப்பார். புதிதாகப் பெட்டி வைப்பவர்கள் செய்யும் தவறுதான் அது. கெசையாவுக்கு இது பிடிக்கவில்லை.

"அப்போ அந்த ஆள் குன்று மேலயும் ஏறி, தோப்பு மூலைக்கும் நடந்து போய் அளந்திருக்காரா? இவ்வளவு கஷ்டப்பட்டுத் தப்பு பண்றவங்க யாருப்பா இருக்காங்க?"

"டார்ட்மூர்ல பாதிப் பேரு அப்படித்தான்" என்றாள் என் மனைவி லோர்னா.

அவள் பெட்டியிலிருந்த வருகைப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். வந்து போனவர்கள் முத்திரை குத்தியிருந்தார்கள். வாத்து, காலணி, தேநீர்க் கெண்டி எனப் பல முத்திரைகள். மழையைத் திட்டியிருந்தார்கள், ஒருவர் தன் மாமியாரையும் திட்டியிருந்தார். திசை தவறு என்று மட்டும் ஒருவரும் எழுதவில்லை. பெட்டி தேடுபவர்கள் குறிப்பில் ஒரு டிகிரி பிசகினாலே பக்கம் பக்கமாகப் புலம்புகிற கூட்டம். அரை வட்டப் பிழையை எப்படி விட்டுவைத்தார்கள்? எனக்குப் புரியவில்லை. புரியாததை அப்படியே விட்டுவிட்டுத் தேநீர் குடித்தேன்.

இந்த விளையாட்டு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கிலாந்தின் தென்மேற்கில் இருக்கும் இந்த டார்ட்மூர் புல்மேட்டில் எங்காவது ஒரு பாறை இடுக்கில் யாரோ ஒருவர் ஒரு டப்பாவை ஒளித்து வைப்பார். அதற்குள் அவரே செதுக்கிய ஒரு ரப்பர் முத்திரையும் ஒரு நோட்டும் இருக்கும். எங்கே தேடுவது என்ற குறிப்பு மட்டும் கைக்குக் கை வரும். தேடிக் கண்டுபிடித்தால் பெட்டியின் முத்திரையை நம் புத்தகத்தில் குத்திக்கொள்ளலாம், நம் முத்திரையை அதன் நோட்டில் குத்தலாம். பிறகு இருந்தபடியே ஒளித்து வைத்துவிட்டு வர வேண்டும். பரிசு கிடையாது. சாயங்காலம் வீட்டில் சீட்டாடினால் ஒருவர் ஜெயிப்பார், ஒருவர் அழுவார். இதில் அது நடக்காது, ஏனென்றால் எங்கள் நால்வரில் ஒருவர் குறைந்தாலும் பெட்டி கிடைக்காது. கெசையா திசை பார்ப்பாள். நான் தப்படி அளப்பேன். லோர்னா, எந்தப் பாறை மனிதன் கை பட்ட பாறை என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவாள். ஏழு வயது போசி, எங்களில் யாருக்கும் தலை நுழையாத இடுக்குகளுக்குள் ஊர்ந்து போய், பெட்டியோடும் முழங்கை நிறையச் சேற்றோடும் வெளியே வருவாள். டாவிஸ்டாக் ஊரில் வானொலிப் பெட்டி பழுதுபார்க்கும் கடையில் ஆறு நாளும் நான் தனியாகக் குனிந்திருப்பவன். ஞாயிற்றுக்கிழமைகளில் என் பிள்ளைகள் என்னோடு பேசுவது இந்தப் பெட்டிகளால்தான்.

அன்றும் பாதியாய்ப் பிளந்த அந்தப் பாறையைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்தது போசிதான். திசைக் கணக்குக்கு வேலையே இருக்கவில்லை. முத்திரையில் ஒரு நரி, வாயில் மீனோடு. அவள் அதைத் தன் புத்தகத்திலும் பிறகு தன் மணிக்கட்டிலும் குத்திக்கொண்டாள்.

நாங்கள் இறைச்சி அடைத்த பேஸ்டியைத் தின்று முடிப்பதற்குள் மூடுபனி இறங்கியது. அது எண்பத்தாறாம் வருடத்து நவம்பர், மதியம்தான் தாண்டியிருந்தது. டார்ட்மூரில் பனி வருவதை யாரும் பார்க்க முடியாது. குன்று இருக்கும், பிறகு குன்று இருக்காது. தோப்பும் போயிற்று. பிறகு, கொஞ்சம் தள்ளி மேய்ந்துகொண்டிருந்த மட்டக் குதிரைகள் கால் பக்கத்திலிருந்து அழிந்துபோயின.

பயப்பட ஒன்றுமில்லை என்று பிள்ளைகளிடம் சொன்னேன், நம்பித்தான் சொன்னேன். வரைபடத்தில் பிளந்த பாறை குறித்திருந்தது. கார் அங்கிருந்து கிழக்கே, சற்றுத் தெற்கே தள்ளி, நின்றது. நடுவில் வடக்கிலிருந்து தெற்காக நீண்ட ஒரு கற்சுவர். கொஞ்சம் அப்படி இப்படிப் போனாலும் அந்தச் சுவரில் முட்டியே தீர வேண்டும். முட்டினால் அதைத் தடவிக்கொண்டே காரிடம் போய்விடலாம். பனியில் நடக்கும்போது இலக்கைக் குறி வைக்கக் கூடாது, தவறவிடவே முடியாத நீளமான ஒன்றைக் குறி வைக்க வேண்டும். கெசையாவுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தபடியே திசைகாட்டியைத் திருப்பி வைத்தேன். ஊசியில் வடக்கைக் காட்டும் சிவப்பு முனையைக் குறியில் நிறுத்தி, அம்பு காட்டிய பக்கம் நடந்தோம்.

சுவர் வரவில்லை. தரை இளகத் தொடங்கியது. முதலில் புல்லுக்கடியில் நீர் பிதுங்கியது. பிறகு புல்லே ஆடியது, மெத்தைமேல் நடப்பதைப் போல. வரும் வழியில் இப்படி ஓர் இடமே இல்லை என்று லோர்னா சொல்லிக்கொண்டிருந்தபோது, எனக்குப் பக்கத்தில் போசியின் தலை என் இடுப்பளவுக்குக் கீழே போயிற்று. அவள் கத்தவில்லை. 'அய்யோ, என் பூட்ஸ்' என்று மெதுவாகச் சொன்னாள். நானும் லோர்னாவும் ஆளுக்கொரு தோளைப் பிடித்து இழுத்தோம். சேறு அவளை விட்டபோது முத்தம் கொடுப்பது போல ஒரு சத்தம் வந்தது. ஒரு பூட்ஸ் உள்ளேயே தங்கிவிட்டது. இடுப்புவரை கருப்பாக, பற்கள் தந்தியடிக்க நின்றாள்.

ஈரமும் காற்றும் சேர்ந்தால் ஒரு குழந்தையின் சூட்டை எவ்வளவு வேகமாக உறிஞ்சும் என்று எனக்குத் தெரியும். அந்த நிமிடத்திலிருந்து எனக்கு ஒரே கணக்குதான். இருட்டுவதற்கு முன் இவளைக் காரில் ஏற்ற வேண்டும். அதில் போர்வையும் ஹீட்டரும் இருக்கின்றன.

பனியில் மனிதர்கள் நேராக நடப்பதில்லை, ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே போவார்கள். அப்படிச் சாய்ந்து ஏதோ பள்ளத்தில் இறங்கிவிட்டோம் என்று நினைத்தேன். வந்த திசைக்கு நேர் எதிர்த் திசை பிடித்தால் பிளந்த பாறைக்கே திரும்பலாம். அங்கிருந்து மறுபடி, இந்த முறை பிசகில்லாமல், தொடங்கலாம். திரும்பினோம். பாறை வந்தது. பனிக்குள்ளிருந்து அது எழுந்தபோது எனக்கு வந்த நிம்மதிக்கு அளவே இல்லை. திசைகாட்டி சரியாகத்தான் வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இரண்டாவது தடவை நாங்கள் நடந்த விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நல்ல முறை. லோர்னா முன்னால் போவாள். பனியில் மறைவதற்கு ஓரடி முன் நிற்பாள். நான் திசைகாட்டியைப் பார்த்து, இடது, இன்னும் கொஞ்சம் இடது, போதும், என்பேன். அவள் அசையாமல் நிற்க, நாங்கள் மூவரும் அவளிடம் போவோம். மறுபடி அவள் முன்னால் போவாள். இப்படிப் போனால் சாய முடியாது. போசியை முதுகில் கட்டியிருந்தேன். அவள் நடுக்கம் என் விலா எலும்புகளில் தெரிந்தது.

எங்களோடு கூடவே ஏதோ ஒன்று நடந்து வந்தது. நாங்கள் நின்றால் அதுவும் நின்றது. ஒருமுறை மிக அருகில், வலது பக்கம், வயதான ஆள் ஒருவர் இருமியதைப் போல இருமியது. ஆடு அப்படித்தான் இருமும், இந்த மேட்டில் பிறந்தவர்களுக்கெல்லாம் தெரியும். நானும் பிள்ளைகளிடம் அதைத்தான் சொன்னேன். கெசையா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பதின்மூன்று வயதானதிலிருந்து அவள் அப்படிப் பிடித்ததில்லை.

லோர்னா முன்னால் நின்ற இடத்திலிருந்து கையை உயர்த்தினாள். போய்ப் பார்த்தோம். அவள் காலடியில் சேற்றில் ஒரு குழி. ஓரமெல்லாம் எங்கள் பூட்ஸ் தடங்கள், என் முழங்கால் பதிந்த பள்ளம். குழிக்குள் நீர் ஊறியிருந்தது. போசியின் தொலைந்த பூட்ஸ் கிடக்கும் குழி.

முதல் தடவை சும்மா நடந்து வந்தோம். இந்தத் தடவை ஓரடி பிசகாமல் நடந்தோம். எவ்வளவு கவனமாக நடந்தோமோ அவ்வளவு துல்லியமாக அதே குழிக்கு வந்திருந்தோம். பாறைக்குக் கிழக்கே சுவர் இருக்கிறது. வரைபடம் அப்படித்தான் சொல்கிறது. நாங்கள் இரண்டு முறை கிழக்கே போனோம். இரண்டு முறையும் அந்தச் சேறு எங்களுக்கு முன்னால் வந்து படுத்திருந்தது.

"ரூபன்" என்றாள் லோர்னா. "கோட்டைக் கழட்டு."

எதற்கு என்று நான் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்த இடத்திலேயே வழி சுற்றினால், பிக்ஸிகள் என்னும் குறும்புக்காரக் குட்டித் தேவதைகள் வழியைத் திருப்பிவிட்டன என்று அர்த்தம். கோட்டை உள்வெளியாக மாற்றிப் போட்டுக்கொண்டால் அவற்றுக்கு நம்மை அடையாளம் தெரியாது. லோர்னாவின் வீட்டார் இதைச் சிரிக்காமல் செய்பவர்கள். நான் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையான பிறகு விருந்துகளில் இதை வைத்து அவர்களைக் கேலி செய்தவன்.

"அம்மா, சீரியஸா?" என்றாள் கெசையா.

"வேற ஐடியா இருந்தா சொல்லு. உங்கப்பா ஐடியால ரெண்டு தடவை சேத்துக்கு வந்தாச்சு."

சேற்றின் ஓரத்தில் ஒரு திட்டு, அதில் ஒற்றை முள்மரம். அதன் அடியில் காற்று கொஞ்சம் தணிந்திருந்தது. அங்கே போசியை இறக்கினேன். அவள் கோட்டைக் கழற்றும்போதுதான் கவனித்தேன், நடுக்கம் நின்றிருந்தது. ஒரு வினாடி சந்தோஷப்பட்டேன், அடுத்த வினாடி புரிந்தது. நடுக்கம் என்பது உடம்பு தனக்குத்தானே மூட்டிக்கொள்ளும் அடுப்பு. குளிர் போகாமலே அது நின்றால், எரிக்க விறகு தீர்ந்துவிட்டது என்று பொருள்.

லோர்னாவுக்கும் புரிந்துவிட்டது. தன் கம்பளிச் சட்டையைக் கழற்றிப் போசியின் கால்களில் மாட்டினாள், சட்டைக் கைகளுக்குள் கால்களை நுழைத்து. கெசையா தங்கையைத் தன் கோட்டுக்குள் இழுத்து அணைத்துக்கொண்டாள். போசி எங்கள் யாரையும் பார்க்கவில்லை. எங்களுக்குப் பின்னால், பனிக்குள், நாங்கள் வந்த பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க வெளக்கு வெச்சுக்கிட்டு நிக்கிறாங்க" என்றாள்.

"யாருடா செல்லம்?" என்றேன்.

"அவங்கதான். நம்ம ஏன் எப்பப் பார்த்தாலும் இந்தப் பக்கமே போறோம்னு கேக்கறாங்க."

குரலில் பயமே இல்லை. கடையில் யாரையோ பார்த்ததைப் போலச் சொன்னாள். திரும்பிப் பார்த்தேன். வெண்மையைத் தவிர எதுவுமில்லை. கெசையாவும் பார்த்தாள், பிறகு முகத்தைத் தங்கையின் தலைமுடிக்குள் புதைத்துக்கொண்டாள்.

மற்றவர்களைப் போல நானும் கோட்டைத் திருப்பிப் போட்டேன். பழைய தையல்களும் கிழிந்த பையும் வெளியே தொங்க, பைத்தியக்காரன் போல நின்றேன். ஒன்றும் மாறவில்லை. ஆனால் நடப்பதை நிறுத்தியிருந்தேன். நிற்கும்போது கண் எங்காவது போக வேண்டும். அது முள்மரத்தின்மேல் போயிற்று.

டார்ட்மூரில் எந்த முள்மரமும் நேராக நிற்காது. வருடம் முழுவதும் தென்மேற்கிலிருந்து வரும் காற்று அதைச் சீவித் தள்ளும். அந்தப் பக்கத்துத் துளிர்கள் கருகிவிடும், எதிர்ப்பக்கத்துக் கிளைகள் மட்டும் நீளும். தூரத்திலிருந்து பார்த்தால், தலைமுடி பறக்க ஓடும் ஒருவரைப் போல இருக்கும். ஓடுவது எப்போதும் வடகிழக்கை நோக்கி. என் வாழ்நாளில் வேறு பக்கம் ஓடும் மரத்தை நான் பார்த்ததில்லை.

திசைகாட்டியை அதன்கீழ் பிடித்தேன். மரம் தென்மேற்கே ஓடுகிறது என்றது.

ஒரு மரம் பொய் சொல்லலாம், பள்ளத்தில் காற்று சுழன்றிருக்கலாம். அதனால் வரைபடத்தை எடுத்தேன். சுவரைத் தேடியபோது நான் பார்க்காமல் விட்டதை இப்போது பார்த்தேன். பிளந்த பாறைக்கு ஹாக்ஸ்டன் குன்று எந்தப் பக்கம்? மேலே, வலது கைப் பக்கம். வடகிழக்கு. குறிப்பு எழுதியவர் சொன்ன அதே நாற்பது டிகிரி. அவர் தவறே செய்யவில்லை. அதனால்தான் யாரும் புகார் எழுதவில்லை. முத்திரை குத்தியாயிற்று என்றால் பெட்டி தேடுபவன் வரைபடத்தைத் திறந்து குறிப்பைச் சரிபார்ப்பதில்லை, கிடைத்துவிட்டதே, இனி எதற்கு? நானும் சரிபார்க்கவில்லை.

மரம் ஒரு சாட்சி, வரைபடம் இன்னொன்று. இரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. இரண்டும் திசைகாட்டியோடு மட்டும் முரண்பட்டன, அதுவும் சரியாக அரை வட்டம். கொஞ்சம் கெட்டுப்போன திசைகாட்டி கொஞ்சம் தவறு காட்டும். அரை வட்டம் காட்டுகிற திசைகாட்டி கெடவில்லை. அதன் ஊசியில் தலையும் வாலும், அதாவது சிவப்பு முனையும் வெள்ளை முனையும், இடம் மாறியிருக்கின்றன. பாறைக்கு அது எங்களைச் சரியாகத் திருப்பிக் கொண்டுவந்ததற்கும் காரணம் அதுதான். தலைகீழான ஊசியும் போக, வர ஒரே கோட்டைத்தான் காட்டும். நாங்கள் கிழக்கே போகவேயில்லை. இரண்டு முறையும் மேற்கே, காருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வரைபடத்தில் புல் புல்லாகக் குறித்திருந்த சேற்றுக்குள் போனோம்.

லோர்னாவிடம் இதைச் சொன்னபோது அவள் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாள். நான் மூன்றாவது முறையும் தவறினால் என்ன ஆகும் என்பது எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்தது. 

"சத்தியமா தெரியுமா?"

"மரத்தைப் பாரு. வெள்ளை முனையைப் பாரு."

அவள் பார்த்தாள். மரம் ஓடும் பக்கத்தை மேட்டுக்காரியின் கண்ணோடு பார்த்துவிட்டு, போசியைத் தூக்கி என் முதுகில் வைத்தாள்.

வெள்ளை முனையைக் குறியில் நிறுத்தினேன். அம்பு காட்டிய பக்கம் பார்த்தேன். போசி விளக்கு தெரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்த அதே பக்கம். அங்கே விளக்கு எதுவும் இல்லை. அவள் என்ன பார்த்தாள் என்று பிறகு கேட்டதில்லை, அவளுக்கும் நினைவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் என்னால் காரணம் சொல்ல முடியும்.

அதே முறையில் நடந்தோம், லோர்னா முன்னால், நான் பின்னால். போசியின் காதருகே கெசையா வாயை வைத்து, தூங்காதே, தூங்கினால் உன் நரியை நான் அழித்துவிடுவேன், என்று மிரட்டிக்கொண்டே வந்தாள். பிளந்த பாறையைத் தொடாமல் அதன் பக்கவாட்டில் கடந்தோம். தரை இறுகியது. இருமல் எங்களோடு கொஞ்ச தூரம் வந்துவிட்டு நின்றது. வெளிச்சம் சாம்பல் நிறத்திலிருந்து நீலத்துக்கு மாறிக்கொண்டிருந்தபோது லோர்னா, நில், என்றாள். அவள் இரண்டு கைகளும் முன்னால் நீண்டிருந்தன. பாசி படிந்த கற்சுவர்மேல்.

காரில் ஹீட்டரை முழுக்கத் திருகி, போசியை உடைமாற்றிப் போர்வைக்குள் சுருட்டினோம். ஃபிளாஸ்கில் மிச்சமிருந்த இனிப்புத் தேநீரைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தாள் லோர்னா. வெகு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு போசி நடுங்கத் தொடங்கினாள், இருக்கையே ஆடும்படி. அதற்குப் பிறகு அழுதாள். என் பூட்ஸ் எங்கே, எனக்குப் பசிக்குது, கெசையா என்னை நசுக்கறா. லோர்னா ஸ்டியரிங்கின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. போசியைத் தவிர மூன்று பேரும் இன்னும் கோட்டை உள்வெளியாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஊசி ஏன் புரண்டது என்பதைக் கண்டுபிடித்தது கெசையாதான். முந்தின வாரம் பள்ளியில் மரவேலை வகுப்பில், எங்கள் சாமான்களை வைக்க ஒரு பெட்டி செய்திருந்தாள். முத்திரைகள், மைப் பஞ்சு, திசைகாட்டி, எல்லாம் ஒரே இடத்தில், ஒவ்வொன்றுக்கும் ஒரு பள்ளம். காற்றில் மூடி திறந்துகொள்ளாமல் இருக்க, என் கடைக் குப்பையிலிருந்து ஒரு பழைய ஒலிபெருக்கியின் காந்தத்தை எடுத்து மூடியில் பதித்திருந்தாள். காருக்குள் அந்த மூடியைத் திசைகாட்டியின் அருகே கொண்டுபோனாள். ஊசி துள்ளிச் சுழன்று அதன் பக்கம் திரும்பி நின்றுவிட்டது. அவள் முகம் வெளுத்தது. அவள் ஏதும் சொல்வதற்கு முன் நான் சொன்னேன், நல்ல மூடி, நல்ல பூட்டு, திசைகாட்டியின் பள்ளம் மட்டும் இடம் மாற வேண்டும்.

ஊசி சுதந்திரமாக இருந்தால் காந்தத்தின் பக்கம் திரும்பிக்கொள்ளும், ஆபத்தில்லை. ஆனால் அந்தப் பள்ளத்தில் திசைகாட்டி செங்குத்தாக நின்றது. ஊசி கண்ணாடியில் சாய்ந்து மாட்டிக்கொண்டு, திரும்ப முடியாமல், பெரிய காந்தத்தின் எதிரே ஒரு வாரம் கிடந்தது. திரும்ப முடியாத ஊசி புரண்டுவிடும், சிவப்பு தெற்காகும், வெள்ளை வடக்காகும். அதனால் திசைகாட்டியைக் காந்தம் உள்ள எதனோடும் வைக்கக் கூடாது. கிளம்புமுன், வடக்கு எதுவென்று நன்றாகத் தெரிந்த இடத்தில் நின்று ஒருமுறை பார்க்க வேண்டும். நடுவழியில் புரண்டது தெரிந்தால் பயப்பட வேண்டாம், வெள்ளை முனையைச் சிவப்பாக எண்ணி நடந்தால் போதும், வீடு வந்துவிடும்.